உத்தானம்: கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு நம்பிக்கையின் வரலாறு

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில், நாமக்கல்லை எட்டுவதற்கு முன்னரே வருவது புதுச்சத்திரம். வழிப்போக்கர் தங்கிச் செல்லும் சத்திரத்தால் பெயர் பெற்ற ஊர். இன்று அங்கே தங்குவார் எவருமிலர். லாரிகள் நில்லாமல் ஓடுகின்றன. ஆயினும் கிழக்கே நோக்குவார்க்குக் கொல்லிமலை ஒரு நீண்ட மதில்போல் இன்றும் தெரிகிறது. அந்த மலைக்கும் இந்தச் சாலைக்கும் இடைப்பட்ட சேந்தமங்கலச் சீமை, கிறித்துவப் போதனையின் தமிழக வரலாற்றில் தனியிடம் பெற்றது. அதனை நான் தேடிப் படிக்க நேர்ந்தது ஒரு வெட்கத்தினால்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஈஸ்டர் ஞாயிறு. புதுச்சத்திரம் பேருந்து நிறுத்தத்துத் தேநீர்க் கடையில் நானும், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியரான கிறித்துவ நண்பர் ஒருவரும் அமர்ந்திருந்தோம். விடியற்கால ஆராதனை முடித்து வெள்ளை வேட்டியுடன் வந்திருந்தார். "பாய், கிறிஸ்துமஸுக்கு நீங்களே வீடு தேடி வந்து வாழ்த்துகிறீர்கள். இன்றைக்கு வாயே திறக்கவில்லையே! எங்களுக்குப் பெரிய பண்டிகை இதுதான், தெரியுமா?" என்றார்.

எனக்குத் தெரியாது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கிறிஸ்துமஸ் விடுமுறை நாளாதலின் ஊரறிந்த நாள். புனித வெள்ளியும் அவ்வாறே. ஈஸ்டரோ எப்பொழுதும் ஞாயிற்றுக்கிழமையிலேயே வருவதால், அரசு நாட்காட்டியில் அதற்கெனத் தனிச் சிவப்பு மை தேவைப்படுவதில்லை. ஒரு சமயத்தின் தலையாய பெருநாள், அண்டை வீட்டார் கண்ணுக்குப் படாமலே ஆண்டுதோறும் கடந்து செல்கிறது!

அந்த நாளைக் குறிப்பதிலும் ஒரு சுவையான செய்தி உண்டு. வசந்தகாலச் சமஇரவு நாளை ஒட்டியோ அதன் பின்னரோ வரும் முதல் முழுநிலவு. அதற்கு அடுத்த ஞாயிறு. இதுவே கணக்கு. ஆகவே மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த நாளிலும் ஈஸ்டர் விழலாம். கி.பி. 325இல் நைசியாவில் கூடிய சபை, எல்லாத் திருச்சபைகளும் ஒரே நாளில் கொண்டாட வேண்டுமென முடிவு செய்தது. கொண்டாடினவா? 1582இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி நாட்காட்டியைத் திருத்திய பின்னர், மேலைத் திருச்சபையும் கீழைத் திருச்சபைகளும் பெரும்பாலான ஆண்டுகளில் வெவ்வேறு ஞாயிறுகளில் கொண்டாடி வருகின்றன. பிறை பார்ப்பதில் ஊருக்கு ஊர் பிணங்கும் நமக்கு இதைப் படிக்கையில் ஓர் ஆறுதல் பிறக்கவே செய்யும்.

பண்டிகை ஏன் பெரிது? கிறித்துவத் தூதர் பவுல், கொரிந்து நகரத்துச் சபைக்கு ஏறக்குறைய கி.பி. 55இல் எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரம் இதற்கு விடை. சிலுவையில் மரித்த இயேசு மூன்றாம் நாள் உயிருடன் எழுந்தார் என்பது பொய்யாயின், தம்முடைய போதனையும் வீண், கேட்டவர் விசுவாசமும் வீண் என்று தயக்கமின்றி எழுதுகிறார் அவர். எழுந்தவரைக் கண்டவர்களையும் வரிசைப்படுத்துகிறார். ஐந்நூறுக்கு மேற்பட்டோர் ஒரே நேரத்தில் கண்டனர் என்றும், அவர்களுள் பெரும்பாலோர் தாம் எழுதும் காலத்தில் உயிரோடிருப்பதாகவும் சொல்கிறார். நல்லொழுக்கம், ஈகை, இறையச்சம் ஆகியவற்றின்மீது மட்டும் தம் சமயத்தை நிறுத்த அவர் ஒப்பவில்லை. நடந்தது என்று தாம் நம்பிய ஒரு நிகழ்ச்சியின்மீது அனைத்தையும் நிறுத்திவிட்டார். யூதரின் சனிக்கிழமையை விட்டு ஞாயிற்றுக்கிழமையைக் கிறித்துவர் தொழுகை நாளாகக் கொண்டதும் அந்நிகழ்ச்சி பற்றியே. எனவே ஒவ்வொரு ஞாயிறும் அவர்களுக்கு ஒரு சிறிய ஈஸ்டர்.

இந்தப் பவுல் ஏதென்ஸ் நகரத்து அறிஞர் மன்றத்தில் பேசிய வரலாறும் பைபிளில் உண்டு. உலகைப் படைத்த இறைவன் ஒருவனே, அவன் கைகளால் கட்டிய கோயில்களில் அடங்குபவன் அல்லன் என்று சொன்னபோது மன்றம் அமைதியாகக் கேட்டது. இறந்தவர் எழுவர் என்றதும் சிலர் நகைத்தனர். சிலர் பின்னொரு நாள் கேட்போம் என்று எழுந்து போயினர். ஆன்மா அழியாதது, உடல் அதன் சிறை என்று எண்ணிப் பழகிய கிரேக்கருக்கு, விட்டொழித்த சிறைக்குள் ஆன்மா மீண்டும் ஏன் நுழைய வேண்டும் என்பது விளங்கவில்லை. நம் நாயகம் (ஸல்) அவர்களிடம் மக்கத்துக் குறைஷிகள் உக்கிப்போன எலும்பைக் காட்டி, இதற்கு உயிர் கொடுப்பவன் யார் என்று கேட்ட கதை இங்கே நினைவுக்கு வருகிறது.

ஏதென்ஸில் நேர்ந்த அதே இடர்ப்பாடு, ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்துத் தமிழ்நாட்டிலும் காத்திருந்தது. இங்கே அதன் பெயர் மறுபிறப்பு.

1577இல் உரோமாபுரியில் பிறந்த இராபர்ட் தெ நொபிலி என்னும் இயேசு சபைத் துறவி 1606இல் மதுரைக்கு வந்தார். காவி உடுத்தி, புலால் நீக்கி, தமிழும் வடமொழியும் தெலுங்கும் கற்று, 'தத்துவ போதகர்' என்று பெயர் வைத்துக்கொண்டார். அவரிடம் சேர்ந்தவர்கள் பூணூலும் குடுமியும் சந்தனமும் வைத்துக்கொள்ளலாமா என்று அவருடைய சபையாரே வழக்காடினர். 1623 ஜனவரியில் போப் பதினைந்தாம் கிரகோரி அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். அவ்வாண்டே நொபிலி மதுரையை விட்டு வடதிசை புறப்பட்டார். திருச்சிராப்பள்ளி கடந்து அவர் வந்து சேர்ந்த ஊர்களுள் ஒன்றே சேந்தமங்கலம். மதுரை நாயக்கருக்குத் திறை செலுத்திய இராமச்சந்திர நாயக்கர் அப்போது அங்கு ஆண்டுவந்தார். துறவியை மரியாதையுடன் ஏற்றார். அங்கிருந்து நொபிலி சேலம் சென்றார். இராமச்சந்திர நாயக்கரின் தமையனாரும் ஆட்சியை இழந்தவருமாகிய திருமங்கல நாயக்கர் அவரிடம் உபதேசம் கேட்டார். பின்னர் அவரும் அவர் குடும்பத்தாரும் ஞானஸ்நானம் பெற்றனர்.

அரியணை இழந்த ஒருவர் இந்த உபதேசத்தில் என்ன கேட்டிருப்பார் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. இழப்புக்குக் காரணம் முற்பிறப்பின் வினை என்பதே அக்காலத்தில் எவரும் சொல்லியிருக்கக்கூடிய ஆறுதல். நொபிலி அதைச் சொல்லவில்லை. மறுபிறப்புக் கொள்கையை மறுப்பதற்கென்றே 'புனர்ஜென்ம ஆக்ஷேபம்' என்னும் நூலை எழுதியவர் அவர். வேறெந்தக் கொள்கைக்கும் இல்லாத முதன்மையை இதற்கு அவர் அளித்ததன் காரணம் எளிது. உடல் என்பது மாற்றி மாற்றி உடுத்தும் ஆடை என்றால், கல்லறையிலிருந்து ஓர் உடல் எழுந்தது என்ற செய்தியில் மகிழ்வதற்கு என்ன இருக்கிறது? ஆயிரம் உடல்களில் எந்த உடல் எழும்? ஒருவனுக்கு ஓர் ஆன்மா, ஓர் உடல், ஒரே வாழ்வு, பின்னர் ஒரு கணக்கு. இந்த அடிப்படையை இட்ட பிறகே உயிர்த்தெழுதல் என்னும் சுவரை எழுப்ப முடியும். பவுல் ஒரு பிற்பகலில் இழந்த வாதத்தை, நொபிலி அரை நூற்றாண்டு காலம் பொறுமையாக நடத்தினார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அடிப்படையைப் பொறுத்தவரை அது நம்முடைய அடிப்படையும்கூட என்பதை வாசகர் கவனித்திருப்பார்கள்.

நொபிலி 1656இல் மயிலாப்பூரில் காலமானார். இயேசு உயிர்த்தெழுந்ததை நம்ப மறுத்து, காயங்களைத் தொட்டுப் பார்த்தாலன்றி ஏற்கமாட்டேன் என்ற சீடர் தோமாவின் கல்லறை அங்கேதான் இருக்கிறது என்பது கிறித்துவ மரபு. ஐயம் கொண்ட சீடரின் ஊரில் போய், ஐயங்களுக்கு விடை சொல்லியே வாழ்நாளைக் கழித்தவர் அடங்கினார்.

இனி ஒரு சொல்லாராய்ச்சி. பழைய கத்தோலிக்கத் தமிழில் உயிர்த்தெழுதலுக்கு வழங்கிய சொல் 'உத்தானம்'. சரீர உத்தானத்தை விசுவசிப்பதாக அவர்களுடைய விசுவாசப் பிரமாணம் ஓதும். புரோட்டஸ்டண்ட் சபையினர் 'உயிர்த்தெழுதல்' என்றனர். இக்காலக் கத்தோலிக்கர் 'உயிர்ப்பு' என்கின்றனர். உத்தானம் வடசொல், எழுந்து நிற்றல் என்பது பொருள். பைபிளின் கிரேக்க மூலத்தில் வரும் 'அனஸ்தாசிஸ்' என்பதற்கும் எழுந்து நிற்றலே பொருள். நாம் நாள்தோறும் நாவில் பயிலும் 'கியாமத்'? தொழுகையில் நிற்கும் நிலையைக் 'கியாம்' என்கிறோமே, அதே வேர்தான். மூன்று மொழிகள், மூன்று திசைகள்; மனிதன் மண்ணிலிருந்து எழுந்து நிற்கிறான் என்ற ஒரே படம்.

நொபிலிக்கு இருநூற்றுத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின், அதே சேந்தமங்கலத்திலிருந்து வேறொரு வகைப் போதகர் மலையேறினார். ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்னும் ஆங்கிலேயச் சபையைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்ட். 1913இல் ஈவ்லின் என்னும் லண்டன் செல்வக் குடும்பத்துப் பெண்ணை மணந்து, இருவருமாகக் கொல்லிமலையில் குடியேறினர். 1914இல் பிறந்த அவர்களுடைய மகனே, பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்திப் புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்ட்.

ஜெஸ்ஸி பிராண்ட் நூலெழுதி வாதிட்டவரல்லர். மருந்து கொடுத்தார், பல் பிடுங்கினார், மரவேலையும் வேளாண்மையும் கற்பித்தார், ஊர் ஊராக நடந்து போதித்தார். பல ஆண்டுகள் ஒருவரும் அவர் சபையில் சேரவில்லை. மலைமக்களின் பூசாரி ஒருவரே முதல் எதிர்ப்பாளர். முதல் உலகப் போரின் இறுதியில் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் மலைக்கும் வந்தது. பூசாரியின் வீட்டில் காய்ச்சல். அக்கம் பக்கத்தார் அஞ்சி விலகினர். பிராண்ட் தம்பதியர் கஞ்சியுடன் அவ்வீட்டிற்குச் சென்றனர். சாகும் தறுவாயில் அந்தப் பூசாரி தம் கைக்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். அந்தப் பெண் குழந்தையை அவர்கள் தங்கள் மகளாகவே வளர்த்தனர். மலைச்சபையின் தொடக்கம் அதுதான்.

இந்நிகழ்ச்சியைப் பலர் தொண்டின் வெற்றி என்று எழுதுகின்றனர். எனக்கு அது முழு விடையாகப் படவில்லை. சாவு வீட்டுக்குள் அஞ்சாமல் நுழைந்தவர்கள், சாவைப் பற்றி வேறொன்றை நம்பியவர்கள். அந்நம்பிக்கையை அகற்றிவிட்டுத் தொண்டை மட்டும் தனியே எடுத்துப் பாராட்டினால், பிராண்டே அதனை ஏற்றிருக்கமாட்டார். 1929 ஜூனில் கருநீர்க் காய்ச்சலால் அவர் அம்மலையிலேயே மரித்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். ஈவ்லின் தமது ஓய்வு வயதில் மிஷன் பணியிலிருந்து விலகியும் ஊர் திரும்பவில்லை. எலும்பு முறிந்து நலிந்த கால்களுடன், இரு மூங்கில் கோல்களை ஊன்றி மலைக்கு மலை நடந்தார். 1974இல், தொண்ணூற்றைந்தாம் வயதில் மரித்தபோது, நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தோண்டிய கணவரின் குழிக்கு அருகிலேயே அவருக்கும் குழி தோண்டப்பட்டது. இருவரும் ஒன்றாக எழுவர் என்பது அவர்களுடைய சபையின் நம்பிக்கை.

நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடு எங்கே என்பதை மறைப்பது நட்பாகாது. ஹஜ்ரத் ஈஸா (அலை) அவர்கள் கொல்லப்படவுமில்லை, சிலுவையில் அறையப்படவுமில்லை, இறைவன் அவரைத் தன்னளவில் உயர்த்திக்கொண்டான் என்று திருக்குர்ஆனின் நிஸா அத்தியாயம் 157, 158ஆம் வசனங்கள் கூறுகின்றன. வெள்ளிக்கிழமையின் மரணம் இல்லையேல் ஞாயிற்றுக்கிழமையின் எழுச்சியும் இல்லை. கிறித்துவரின் நம்பிக்கை நடந்து முடிந்த ஓர் எழுச்சியிலிருந்து எல்லாருடைய எழுச்சிக்கும் செல்கிறது. நமக்கோ எழுச்சி முழுவதும் வரவிருக்கும் ஒரு நாளில் இருக்கிறது. இந்த இடைவெளி சிறிதன்று.

ஆயினும் அதன் குறுக்கே முன்னோர் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதற்கும் வரலாறு உண்டு. இயேசுவின் கல்லறை என்று கிறித்துவர் போற்றும் ஜெருசலேம் தேவாலயத்திற்கு அரபு மொழியில் 'கனீஸத்துல் கியாமா' என்று பெயர்: கியாமத்தின் கோயில். ஏறக்குறைய கி.பி. 638இல் நகரம் பணிந்தபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அக்கோயிலில் இருக்கையில் தொழுகை நேரம் வந்தது என்றும், நான் இங்கே தொழுதால் பின்வருவோர் இதைப் பள்ளிவாசலாக்கிக்கொள்வர் என்று கூறி வெளியே வந்து தொழுதார்கள் என்றும் எழுதிவைத்தவர் நம்மவர் அல்லர். பத்தாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த கிறித்துவத் தலைமைக் குரு. அக்கோயிலின் கதவுச் சாவியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துத் திறந்துவிடுவோர் இன்றும் இரு முஸ்லிம் குடும்பத்தினரே. பல கிறித்துவப் பிரிவினரும் தமக்குள் ஒருவரையொருவர் நம்பாத பொறுப்பு அது!

இவ்வளவும் படித்தறிந்த பிறகு, அடுத்த ஈஸ்டர் அன்று விடியலில் ஆசிரியர் வீட்டுக்கு நானே சென்றேன். வாழ்த்தினேன். என் ஈமானுக்குப் பொருந்தாத ஒன்றை நான் ஒப்புக்கொண்டதாக அவரும் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை. திண்ணையில் அமர்ந்து நெடுநேரம் பேசினோம். உங்கள் ஈஸா நபிக்குக் கல்லறையே கிடையாதா என்று கேட்டார்.

மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அடக்கத்தலத்தில், அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) ஆகியோரின் கபுறுகளுக்கு அருகே இன்னும் ஒரு கபுறுக்கான இடம் இருக்கிறது என்றும், ஈஸா (அலை) மீண்டும் இவ்வுலகுக்கு வந்து வாழ்ந்து மரித்தபின் அங்கே அடங்குவார்கள் என்றும் நம் மரபு சொல்வதை அவருக்குச் சொன்னேன்.

ஆசிரியர் கொல்லிமலைப் பக்கம் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியானால் அந்த இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறதா, பாய்?"

"ஆம், வாத்தியார் ஐயா."

உள்ளிருந்து அவர் மனைவியார் காப்பி கொண்டுவந்தார்.