பல்கலைக்கழகக் கணினிக் கல்வியிற் பணிசெயல் முறைமைகள் – ஒரு வரலாற்று நோக்கு

செய்நிரலாக்கம் பயிலும் மாணவன் கணினியோடு நேரே உறவாடுவதில்லை. நினைவகம், கோப்புகள், அச்சுப்பொறி ஆகிய யாவற்றையும் ஆளும் பணிசெயல் முறைமை இடையில் நிற்கின்றது. எம்முறைமையைக் கொண்டு கற்பிப்பது என்னும் வினா தொழில்நுட்ப வல்லுநர்க்கே உரியதெனப் பலர் கருதுவர். ஆயின் அதன் வரலாற்றை நோக்குமிடத்து, அறிவு எவர்க்குத் திறந்திருத்தல் வேண்டும் என்னும் வினா அதனுள் அடங்கியிருத்தல் புலனாகும்.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் யுனிக்ஸ் முறைமையை உருவாக்கத் தொடங்கினர். அதன் உரிமையாளரான ஏ.டி. அன்ட் டி. நிறுவனம் தொலைபேசித் தொழிலுக்குப் புறம்பான வணிகத்தில் ஈடுபடுதலை 1956ஆம் ஆண்டின் நீதிமன்றத் தீர்ப்பொன்று தடுத்திருந்தது. எனவே யுனிக்ஸ், அதன் மூலக் குறிமுறையோடு பல்கலைக்கழகங்களுக்குச் சிறு கட்டணத்தில் வழங்கப்பட்டது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர் ஜோன் லயன்ஸ் அதன் ஆறாம் பதிப்பிற்கு விரிவான உரையெழுதி மாணவர்க்குக் கற்பித்தார். சூத்திரத்திற்கு உரைகண்ட நம் உரையாசிரியர் மரபினை இப்பணி நினைவூட்டுகின்றது. ஆனால் 1979இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம் மூலக் குறிமுறையை வகுப்பறையிற் பாடமாக்குவதைத் தடைசெய்தது. லயன்ஸின் உரை நிழற்பிரதிகளாகக் கைமாறி, 1996இலேயே நூலுருப் பெற்றது.

இத்தடையே புதுவழியொன்றிற்கு வித்திட்டது. அம்ஸ்டர்டாமிற் பேராசிரியராயிருந்த அன்ட்ரூ டனன்பாம், கற்பித்தற்பொருட்டே மினிக்ஸ் என்னும் சிறு முறைமையை எழுதி 1987இல் வெளியிட்டார். அதனைப் பயின்ற ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை வெளியிட்டார். மறு ஆண்டில், எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் இடந்தரும் உரிமத்தின்கீழ் அது வந்தது.

இலங்கையிற் பேராசிரியர் வி. கே. சமரநாயக்கவின் முயற்சியால் 1987இல் கொழும்புப் பல்கலைக்கழகத்திற் கணினித் தொழில்நுட்ப நிறுவகம் தோன்றியது. பின்னர், லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு இலங்கையர் உருவாக்கிய தொகுப்பொன்று, பேராதனையை அண்டிய மலையின் பெயரால் 'ஹந்தானை' என வழங்கப்பட்டது.

2005இற் பதுளை, பசறை வீதியில் ஊவா வெல்லசப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. கணினி விஞ்ஞானம் அங்குப் பட்டப் பாடமாயிற்று. அதே வீதி பசறையைக் கடந்து சென்றால் நமுனுகுல மலைச்சாரலின் தேயிலைத் தோட்டங்களை அடையலாம். தோட்டப் பாடசாலைகளை 1970களில் அரசு பொறுப்பேற்கும் வரை, அங்குள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கிட்டியது பெரும்பாலும் ஆரம்பக் கல்வியே. அவர்தம் வழிவந்தோர்க்குக் கணினிக் கல்வி எவ்வாறு வாய்க்கின்றது என்பது ஈண்டுச் சிந்திக்கற்பாலது.

அலுவலகங்களில் விண்டோஸ் பெருவழக்காயிருத்தலின் அதனையும் கற்பித்தல் வேண்டும் என்பார் கூற்றில் நியாயமுண்டு. எனினும் ஒரு கருவியைக் கையாளப் பழகுதல் வேறு. அதனை ஆக்கக் கற்றல் வேறு. லயத்து அறையிலுள்ள பழைய கணினியொன்றிலும் கட்டணமின்றி நிறுவத்தக்கதும், உள்ளே திறந்து ஆராயத்தக்கதுமான முறைமை, வசதி குன்றிய மாணவனையும் ஏனையோர்க்கு நிகராக நிறுத்துகின்றது. நமுனுகுலவின் பிள்ளைகள் பிறர் ஆக்கியதைப் பயன்படுத்துவோராக மட்டும் அமையாது ஆக்குவோராகவும் உயர வேண்டுமெனின், முதலாண்டிலேயே திறந்த முறைமையொன்றிற் செய்நிரலாக்கம் கற்பித்தல் பல்கலைக்கழகங்களின் கடனாகும்.