டீ சிந்திய விசைப்பலகை: கோலார் தங்கவயலை முன்வைத்து ஒரு மீட்பு ஆய்வு

1. களமும் கருதுகோளும்

கோலார் தங்கவயலுக்குச் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது 1902இல். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபின், இங்குள்ள தமிழர் பலருக்கு மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்குப் போய்வருவதே பிழைப்பு. லேப்டாப்பும் டீயும் ஒரே மடியில் இருக்கும் பயணம் அது. விசைப்பலகையில் கொட்டிய டீயைக் காயவைத்தால் போதும் என்பது பொதுக்கருத்து. விசைப்பலகையைக் கெடுப்பது ஈரம் மட்டுமன்று. நனைந்த நிலையில் ஓடும் மின்சாரமும் காய்ந்தபின் தங்கும் எச்சமும்கூட என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. பழுதுறும் விதம்

2.1 அமைப்பு: சாதாரண விசைப்பலகையின் அடியில் மூன்று பிளாஸ்டிக் தாள்கள் உண்டு. மேல், கீழ்த் தாள்களில் மின்கடத்தும் மைக்கோடுகள். நடுத்தாளில் விசைக்கொரு துளை. அழுத்தும்போது துளைவழியே கோடுகள் ஒன்றையொன்று தொடும்.

2.2 மின்சாரம்: தாளிடுக்கில் புகுந்த டீ அந்தத் தொடுகையைத் தானே உண்டாக்கும், கை வைக்காமலே ஒரே எழுத்து வரிவரியாக ஓடும். மின்சாரம் நீடித்தால் மின்பகுப்பால் கோடுகள் அரிக்கப்படும்.

2.3 எச்சம்: சர்க்கரையும் பாலும் காய்ந்து பிசுக்காகி, அழுத்திய விசையை மேலெழ விடாது.

3. கழுவும் நீர்

வற்றாத ஆறில்லாத கோலார் மாவட்டம் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பியது. அந்த நீரில் உப்பு மிகுதி. பல இடங்களில் ஃபுளோரைடும் உண்டு. அதைக் கொண்டு கழுவினால் டீயின் எச்சம் போய் உப்பின் எச்சம் வரும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரே ஏற்றது.

4. மீட்பு முறை

4.1 தனி விசைப்பலகை: முதலில் வயரைப் பிடுங்கிக் கவிழ்க்கவும். விசைகளின் வரிசையைப் படமெடுத்தபின் பிரித்து, தாள்களை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த துணியால் மெல்லத் துடைக்கவும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விரைவில் உலர உதவும். ஆனால் சர்க்கரையை அது நன்கு கரைக்காது. ஆகவே நீர் முந்தி, ஆல்கஹால் பிந்தி. பிறகு நிழலில் உலர்த்தவும்.

4.2 லேப்டாப்: சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அழுத்திப்பிடித்து அணைத்து, கூடாரம்போல் கவிழ்க்கவும். விசைகளுக்கு அடியிலேயே மதர்போர்டு இருப்பதால் நீர் ஊற்றலாகாது. மெக்கானிக் திறந்து பார்க்கும்வரை ஆன் செய்யவும் கூடாது.

4.3 விலக்கத்தக்கவை: அரிசி மூட்டையில் புதைப்பது பிசுக்கை எடுக்காது, மாவுத்தூளைத்தான் சேர்க்கும். ஹேர் டிரையரின் சூடு பிளாஸ்டிக்கை நெளியவைக்கும்.

5. முடிபு

மின்சாரத்தை நிறுத்துதல், எச்சத்தை நீக்குதல், ஈரத்தை உலர்த்துதல் என்பதே முறையான வரிசை. உலர்த்துவதில் தொடங்குவோர் பிசுக்கை இறுகவைக்கிறார்கள். சில நூறு ரூபாய் விசைப்பலகைக்கு இவ்வளவு உழைப்பு வேண்டாம், புதிது வாங்கிவிடலாம். ஆனால் லேப்டாப்பில் முதல் நிமிடத்தில் மின்சாரத்தை நிறுத்துவது மதர்போர்டையே காக்கும்.