இளையோர் காதல் நாவல்களில் முக்கோணக் காதலும் துரோகமும்

முக்கோணக் காதல் என்பது, ஒருவர்பால் இருவர் காதல் கொள்வதனாலோ, ஒருவரே இருவர்பால் மனம் வைப்பதனாலோ விளையும் சிக்கலைக் கதையின் அச்சாகக் கொள்ளும் அமைப்பு. பதின்பருவத்தினரை முதன்மை வாசகராக எண்ணி எழுதப்படும் அமெரிக்க நாவல்களில், சிறப்பாக 2005-க்குப் பின் வந்தவற்றில், இவ்வமைப்பு ஏறக்குறைய ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. பெரும்பாலும் ஒரு பெண்ணும் இரண்டு இளைஞர்களும். கதையைச் சொல்பவளும் அநேகமாக அப்பெண்ணே. அவள் இருவரையும் விரும்பலாம், ஆனால் ஒருவனையும் வஞ்சித்தவள் ஆகலாகாது என்னும் இரு நிபந்தனைகளுக்கும் ஒருங்கே கட்டுப்பட்டு எழுத வேண்டியிருப்பதால், இந்நாவலாசிரியைகளின் சாமர்த்தியத்தில் பெரும்பகுதி, காதலைச் சித்திரிப்பதைக் காட்டிலும், துரோகம் என்ற பெயர் நாயகியின்மீது ஒட்டாதபடி சந்தர்ப்பங்களை ஒழுங்கு செய்வதிலேயே செலவாகிறது எனலாம்.

முன்னோடிகள் பல உண்டு. 1847-இல் வெளிவந்த எமிலி பிராண்டியின் 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலில், ஹீத்கிளிஃபைத் தன் உயிராகவே கருதிக்கொண்டு எட்கர் லின்டனை மணந்துகொள்ளும் காதரின் இவ்வகை நாயகியர்க்கெல்லாம் மூத்தவள். சித்திரக் கதைகளில் 1940-களின் தொடக்கம் முதல் பெட்டிக்கும் வெரோனிக்காவுக்கும் இடையே ஊசலாடிக்கொண்டிருந்த ஆர்ச்சியோ, நகைப்புக்கு உரியவனாக இருந்தானேயன்றிக் குற்றவாளியாக நிறுத்தப்படவில்லை. அந்தச் சலுகை பெண்ணுக்குக் கிடைப்பது அரிது.

இன்றைய அலைக்குத் தோற்றுவாய் ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' (2005). வாஷிங்டன் மாநிலத்து ஃபோர்க்ஸ் என்னும் மழையூரில் பெல்லா என்ற பள்ளி மாணவியை, எட்வர்ட் என்னும் இரத்தக்காட்டேரியும் ஜேக்கப் என்னும் ஓநாயுருக் கொள்ளும் இளைஞனும் காதலிக்கின்றனர். இரண்டாம் நூலாகிய 'நியூ மூன்' (2006) தொடங்கிச் சில அத்தியாயங்களுக்குள் எட்வர்ட் அவளைப் பிரிந்து போய்விடுகிறான். கைவிடப்பட்டவள் வேறொருவன் நட்பில் ஆறுதல் தேடுவதை யார் பழிப்பார்? மூன்றாம் நூலாகிய 'எக்லிப்ஸ்' (2007) இந்த மறைப்பையும் துணிந்து நீக்குகிறது. எட்வர்டை மணக்கச் சம்மதித்த பிறகு, போரில் மடியப் போவதாக அச்சுறுத்தும் ஜேக்கப்பைத் தடுக்கும்பொருட்டுத் தன்னை முத்தமிடும்படி தானே கேட்கும் பெல்லா, அந்த முத்தத்தின் இடையில்தான் அவனையும் தான் காதலிப்பதை உணர்கிறாள். சினங்கொள்ள முழு உரிமையுடைய எட்வர்டோ, நூறாண்டு கடந்த வயதின் பொறுமையோடு, கோபிக்க மறுத்துவிடுகிறான். இப்பெருந்தன்மை நம்புதற்கு அரியது. எனினும் நாயகியைக் காப்பாற்றுவது அதுதான். வாசகியர் 'டீம் எட்வர்ட்', 'டீம் ஜேக்கப்' என்று இரு கட்சியாகப் பிரிந்து, கட்சிப் பெயரைச் சட்டைகளில் பொறித்துக்கொண்டு திரிந்ததும் இக்காலத்தில்தான். நான்காம் நூலில் (2008), பிறந்த குழந்தையாகிய பெல்லாவின் மகள்மீது ஜேக்கப்பின் பந்தத்தைத் திருப்பிவிட்ட முடிவு, அவன் கட்சியினரையே முகம் சுளிக்கச் செய்தது.

துரோகத்தைத் தவிர்க்கும் உபாயங்களுள் மிகவும் நுட்பமானதைக் காஸண்ட்ரா கிளேர் 1878-ஆம் ஆண்டு லண்டனைக் களமாகக் கொண்டு எழுதிய 'தி இன்ஃபர்னல் டிவைசஸ்' (2010–2013) என்னும் மூன்று நூல்களில் காணலாம். வில், ஜெம் இருவரும் உயிர்த்தோழராகப் பிரதிக்ஞை செய்துகொண்டவர்கள். டெஸ்ஸா இருவரையும் நேசிக்கிறாள். வில் தன் காதலை வெளியிட வரும்போது அவள் ஜெம்மை மணக்க ஏற்கெனவே இசைந்திருக்கிறாள். பின்னர் அவளும் வில்லும் ஒன்று சேர்வது, ஜெம் இறந்துவிட்டான் என்று இருவரும் மெய்யாக நம்பிய இரவில். அவன் உயிரோடிருப்பது தெரியவரும்போதோ, விவாகம் செய்துகொள்ள இயலாத ஒரு துறவுநிலையை அவன் எய்திவிட்டிருக்கிறான். வில்லை மணந்து, அவன் முதுமையுற்று மறைந்தபின், மூப்பில்லாத டெஸ்ஸா பல தலைமுறை கடந்து மீண்டும் மானிடனாகிய ஜெம்மை அடைகிறாள். இருவரும் கிடைத்தனர், ஒருவரும் ஏமாற்றப்படவில்லை. இதற்கு நூற்றுமுப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன என்பதே வேடிக்கை.

கீரா காஸின் 'தி செலக்‌ஷன்' (2012) வரிசை இவ்வளவு ஜாக்கிரதையாக இல்லை. இளவரசன் மாக்ஸன் மணப்பெண் தேர்வுக்காக அரண்மனைக்கு அழைக்கப்பட்ட 35 பெண்களுள் ஒருத்தியான அமெரிக்கா சிங்கர், காவலனாக அங்கே வந்துசேரும் பழைய காதலன் ஆஸ்பெனை இரகசியமாகச் சந்திக்கிறாள். தேர்விலிருக்கும் பெண் பிறனோடு உறவாடுவது அந்நாட்டுச் சட்டப்படி இராஜத்துரோகம். இரண்டாம் நூலில் இதே குற்றத்துக்காக அவளுடைய தோழி மார்லியும் அவள் காதலனான காவலனும் ஜனங்கள் முன்னிலையில் பிரம்படி படுகின்றனர். அதைத் தடுக்கக் கதறும் அமெரிக்கா, தானும் அதே குற்றத்தைச் செய்துகொண்டிருப்பவள் என்பதை வாசகர் மறக்க முடியாது. தண்டனை தோழிக்கு, மன்னிப்பு நாயகிக்கு என்னும் இந்தப் பங்கீடு ஆசிரியை கருதியே செய்ததாயின் பாராட்டத்தக்கது.

ஸ்டெஃபனி பெர்கின்ஸின் 'அன்னா அண்ட் த ஃப்ரெஞ்ச் கிஸ்' (2010) காட்டேரிகளும் அரண்மனைகளும் இல்லாத கதையாதலால், அங்கே துரோகத்துக்குத் திரையிட வசதி குறைவு. அட்லாண்டாவிலிருந்து பாரிஸ் நகரத்து அமெரிக்கப் பள்ளிக்கு அனுப்பப்படும் அன்னா, எல்லி என்ற காதலியை உடைய எட்டியென் செயின்ட் கிளேர்மீது மையல் கொள்கிறாள். அவனோ எல்லியை விடவும் மாட்டான், அன்னாவைவிட்டு அகலவும் மாட்டான். இருவரும் முத்தமிட்டுக்கொள்வதும் அந்த உறவு முறியும் முன்னரே. இதனிடையே, ஊரில் அன்னா விரும்பியிருந்த இளைஞனோடு அவளுடைய நெருங்கிய தோழி பிரிஜெட் சேர்ந்துவிட, அன்னா ஆறாச் சினங்கொள்கிறாள். செயின்ட் கிளேரை மெரெடித் என்ற தோழியும் விரும்புவதை அறிந்தே நடந்துகொண்ட தனக்கும் பிரிஜெட்டுக்கும் பேதமில்லை என்று அவள் மெல்ல உணரும் இடம், இவ்வகை நாவல்களில் அபூர்வமாகக் காணப்படும் நேர்மை. எல்லிக்கு மட்டும் ஆசிரியை அதிகப் பக்கங்கள் ஒதுக்கவில்லை.

சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' (2008–2010) வரிசையில் பீட்டா, கேல் இருவரிடையேயான தேர்வு, போரில் எதுவரை செல்லலாம் என்னும் கேள்வியோடு பிணைந்திருப்பதால், அது வேறொரு தலைப்பில் ஆராயத்தக்கது.

ஜென்னி ஹானின் 'தி சம்மர் ஐ டர்ன்ட் ப்ரிட்டி' (2009) வரிசையில் கான்ராட், ஜெரமாயா என்னும் சகோதரர் இருவரும் பெல்லி என்ற பெண்ணை நேசிக்கின்றனர். மூன்றாம் நூலில் (2011), சண்டையிட்டுப் பிரிந்துவிட்டதாக எண்ணிய நாட்களில் ஜெரமாயா வேறொருத்தியோடு உறவுகொண்ட செய்தி வெளிப்படுகிறது. பிரிவு மெய்யாகவே நேர்ந்ததா, அன்றி வெறும் ஊடலா என்பதே வழக்கு. அவன் விவாகம் பேசி அவளைச் சமாதானம் செய்கிறான், திருமணமோ நின்றுபோகிறது. 2022 முதல் 2025 வரை பிரைம் வீடியோவில் தொடராக வந்தபோதும் இவ்வழக்கு ஓயவில்லை. ஆனால் நூலில் தீர்ப்பு வேறு விதத்தில் முன்னதாகவே எழுதப்பட்டிருக்கிறது: இரண்டாம் நூலில் பெல்லிக்கு அடுத்துத் தன் குரலில் பேசும் வாய்ப்பு ஜெரமாயாவுக்குத் தரப்பட்டது, துரோகம் நேரும் மூன்றாம் நூலில் அவ்விடத்தில் பேசுபவன் கான்ராட்.