மரபணுத்தொகைத் தெரிவு: கறவை மாடுகளில் பல பண்புகளை முன்கணித்தல்

கன்றின் இரத்தத்திலோ முடிவேரிலோ உள்ள டி.என்.ஏ.வைப் படித்து, அதன் வழிவரும் மாடுகள் எவ்வளவு பால் கறக்கும், காலத்தில் சினை நிற்குமா, மடிநோயைத் தாங்குமா என்பவற்றை ஒருசேரக் கணித்துப் பொலிகாளையையும் கிடேரியையும் தேர்ந்தெடுக்கும் முறை இது. ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பின மாடுகளை வைத்துப் பிழைக்கும் புதுச்சேரி போன்ற வட்டாரங்களுக்கு இது எட்டாத விஞ்ஞானம் அல்ல; சினை ஊசி போடும் ஒவ்வொரு முறையும் எழும் கேள்வியே இதன் மையம்.

பல பண்புகளை ஒரே கணக்கில் சேர்க்கும் எண்ணம் பழையது. 1943இல் அமெரிக்க ஆய்வாளர் ஹேஸல், ஒவ்வொரு பண்புக்கும் அதன் பொருளாதார எடையைக் கொடுத்துக் கூட்டும் தெரிவுக் குறியீட்டை வகுத்தார். பண்புகள் தனித்தனியே நிற்பதில்லை என்பதே அதற்குக் காரணம். பாலைக் கூட்டும் மரபணுக்கள் பல, சினைப்பிடிப்பைக் குறைக்கின்றன. பாலை மட்டும் பார்த்துத் தேர்ந்த மந்தைகளில் பல பத்தாண்டுகள் நடந்தது அதுதான். பின்னர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஹென்டர்சன் உறவுமுறைத் தகவலைக் கணக்கில் சேர்த்தார். ஆனாலும் காளையின் தரம் அதன் மகள்கள் பிறந்து, ஈன்று, கறந்த பிறகே தெரிந்தது. அதற்குள் ஐந்தாறு ஆண்டுகள் ஓடிவிடும்.

2001இல் மியூவிசன், ஹேஸ், கோடார்ட் மூவரும் மரபணுத்தொகை முழுதும் பரவிய குறியீட்டுப் புள்ளிகளைக் கொண்டே இனவிருத்தி மதிப்பைக் கணிக்கலாம் என்று காட்டினர். சுமார் 54,000 புள்ளிகளைப் படிக்கும் சிப் வந்ததும், 2009 ஜனவரியில் அமெரிக்கா ஹோல்ஸ்டீன் மாடுகளுக்கு அதிகாரபூர்வ மதிப்பீடு வெளியிட்டது. பல பண்புகளை ஒருசேரக் கணிப்பதன் பலம் அளக்கக் கடினமான பண்புகளில் தெரியும். மடிநோய்க்குப் பதிவுகள் குறைவு; ஆனால் பாலின் உடற்செல் எண்ணிக்கையை மாதந்தோறும் பார்க்க முடியும். இரண்டுக்கும் மரபுத் தொடர்பு இருப்பதால் ஒன்றின் தரவு மற்றதன் கணிப்பைத் துல்லியமாக்குகிறது.

ஒரே பண்பைத் துரத்துவதன் விலையை, 1962இல் பிறந்த சீஃப் என்ற ஹோல்ஸ்டீன் காளை உணர்த்துகிறது. பாலுக்காக உலகெங்கும் பயன்பட்ட அதன் வழியே, மறைந்திருந்த, கருவைக் கொல்லும் ஒரு மரபணுப் பிறழ்வும் பரவியது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கருச்சிதைவுகளுக்கு அது காரணம் என மதிப்பிட்டுள்ளனர். மரபணுச் சோதனை வந்த பிறகே அது பிடிபட்டது.

மேலைநாட்டு ஹோல்ஸ்டீனில் உருவான கணிப்புச் சமன்பாடு நம் மாடுகளுக்கு அப்படியே பொருந்தாது. ஆகவே தேசியப் பால்வள வாரியம் இந்திய மாடுகளுக்கென இண்டஸ்சிப் என்ற சிப்பை உருவாக்கியது. ஹைதராபாத்தின் தேசிய விலங்கு உயிர்த்தொழில்நுட்ப நிறுவனத்தின் இண்டிகௌ சிப் 2021இல் வெளியானது. 2024 அக்டோபர் 5 அன்று மாடுகளுக்கான கௌ சிப்பும் எருமைகளுக்கான மகிஷ் சிப்பும் மகாராஷ்டிரத்தின் வாசிமில் வெளியிடப்பட்டன.

சிப் கிடைத்துவிட்டது; பதிவேடுதான் குறை. புதுச்சேரியில் 1994இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி குருமாம்பேட்டில் இருக்கிறது. பால் சேகரிக்கப் பாண்லே என்ற கூட்டுறவு அமைப்பு இருக்கிறது. ஆனால் பொதுவாகப் பால் சங்கத்தில் பார்க்கும் கொழுப்பு, வீட்டிலிருந்து வரும் மொத்தப் பாலுக்குரியது. எந்த மாட்டின் பால் என்று அதில் தெரியாது. காதில் தொங்கும் மஞ்சள் வில்லையின் 12 இலக்க எண்ணுக்கு நேராகக் கறவை, ஊசி போட்ட நாள், சிகிச்சை எல்லாம் ஏறினால்தான் கணிப்புக்குத் தரவு சேரும். தெரிவுக் குறியீட்டின் எடைகளையும் இங்கேயே முடிவுசெய்ய வேண்டும். இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவருக்கு ஒரு சினைப்பருவம் தவறினால் அடுத்தது வரும்வரை 21 நாள் தீவனச் செலவு. அவருடைய குறியீட்டில் சினைப்பிடிப்பும் வெயில் தாங்கும் திறனும் பாலுக்கு இணையாகவே நிற்க வேண்டும்.