நாட்டாமையின் தோள்

நாட்டாமை என்றதும் தமிழகத்தவருக்கு ஊரில் தீர்ப்புச் சொல்லும் தலைவர் நினைவுக்கு வருவார். கொழும்பில் வாழும் நமக்கோ புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் தொழிலாளிதான் நாட்டாமை. சிங்களத்திலும் அவர் 'நாட்டாமி'தான். கோட்டைக்கு வெளியே அமைந்த இவ்வணிகப் பகுதியின் வரலாற்றை எழுதுவோர் பிரின்ஸ் வீதியிலுள்ள ஒல்லாந்தர் கால மாளிகையையும், கெய்மன்ஸ் கேற் மணிக்கோபுரத்தையும் தவறாமல் குறிப்பிடுவர். அவற்றினிடையே கைவண்டி இழுத்த மனிதரின் உடலும் வரலாற்று ஆவணமே என்பது என் எண்ணம்.

நான்காம் குறுக்குத் தெருவில் அறுபதைத் தாண்டிய நாட்டாமைகளை நான் கண்டதுண்டு. வெங்காய மூட்டை தோளில் ஏறியதும், நெரிசலுக்குள் அவர்களது பாதம் தடுமாறாமல் பதியும்.

உழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்த முன்னோடி, இலண்டன் மருத்துவர் ஜெரி மொரிஸ். இரட்டைத்தட்டு பஸ்ஸில் அமர்ந்தே இருந்த சாரதிகளைவிட, படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்புக் குறைவு என்பதை 1953இல் அவர் எடுத்துக்காட்டினார். சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளரை ஆராய்ந்த ரால்ப் பாபன்பாகரும் 1975இல் இத்தகைய முடிவுக்கே வந்தார்.

அப்படியானால் நாட்டாமை பாக்கியசாலியா? அவசரப்பட்டு ஆமென்று சொல்லிவிடக்கூடாது. இளைப்பாற வழியின்றிச் சுமக்கும் பாரம் முழங்காலையும் முதுகையும் வருத்துகிறது. சுமந்தால்தான் அன்றைய சோறு என்றிருப்பவர் வயதை எண்ணிப் பார்ப்பதெப்படி?

மறுபுறம், வெள்ளவத்தை மாடிவீடுகளில் நம் பெரியவர்கள். "நீங்கள் சும்மா இருங்கோ அப்பா" என்று அன்போடுதான் சொல்கிறோம். ஆனால் சும்மா இருக்க இருக்கத் தசை மெலிகிறது, கால் தளர்கிறது. ஒருநாள் குளியலறையில் விழுந்தபின் படுக்கையே உலகமாகிவிடுகிறது.

இழந்த பலம் திரும்பாதென்று நேயர்கள் எண்ண வேண்டாம். 1990இல் பொஸ்டனில் மரியா பியாட்டரோன் குழுவினர், சராசரி 90 வயதான 10 முதியோருக்கு 8 வாரங்கள் காலால் பாரம் தூக்கும் பயிற்சி அளித்தனர். பயிற்சியை முடித்தோரின் கால்வலிமை சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. இருவர் ஊன்றுகோலின்றி நடந்தனர். 65 வயதைக் கடந்தோர் வாரத்தில் மூன்று நாட்களாவது சமநிலைக்கும் வலிமைக்குமான பயிற்சி செய்ய வேண்டுமென உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் அறிவுறுத்தியது.

முதியோர் உரிமைகளுக்கென இலங்கையில் 2000ஆம் ஆண்டு சட்டம் இயற்றப்பட்டது. முதிய நாட்டாமை பாரத்தை இறக்கிவைக்கக் கூடிய ஏற்பாடு அவ்வுரிமைகளுள் ஒன்றாக வேண்டும். நம் வீட்டுப் பெரியவருக்கு வேண்டியது வேறு. வைத்தியரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு, கதிரையில் கையூன்றாமல் எழுந்து பழகச் சொல்லுங்கள். சந்தைக்குப் போகும்போது அவரையும் அழைத்துச் சென்று, சிறிய பையொன்றை அவர் கையில் கொடுங்கள்.