காலியா கப்பலின் கொடி

தூத்துக்குடிக் கடல் ஆழம் குறைந்தது. பழைய நாட்களில் பெரிய கப்பல்கள் பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். கொழும்புக்குப் போகிறவர்கள் மூட்டை முடிச்சோடு படகேறி, அலையில் ஆடிக்கொண்டே கப்பலடிக்குப் போய்ச் சேர வேண்டும். 1907-இல் அப்படிப் போனவர்கள் ஏணியில் கால் வைக்குமுன் அண்ணாந்து பார்த்தால், இரண்டில் ஒரு கம்பெனியின் கொடி தெரியும். ஒன்று பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியுடையது. மற்றது ‘வந்தே மாதரம்’ என்று எழுதிய சுதேசிக் கொடி.

அந்த இரண்டு சொற்களும் கப்பலேறுவதற்கு முன்பே அடிபட்டு வந்தவை. 1905-இல் வங்காளம் துண்டாடப்பட்டபின், கிழக்கு வங்காளத் தெருக்களில் அந்த முழக்கத்துக்கு அரசு தடை போட்டது. 1906 ஏப்ரலில் பாரிசால் மாநாட்டுக்கு வந்தவர்களைப் போலீஸ் தடியால் அடித்தது. வாயால் சொல்ல விடாததைத் துணியில் எழுதினார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 7-இல் கல்கத்தாவின் பார்சி பகானில் பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டைகளோடு, நடுவில் அதே சொற்கள் எழுதிய கொடி ஏறியது.

இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 16-இல், சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர், வ.உ.சிதம்பரம் பிள்ளை உதவிச் செயலாளர். 8,000 பங்குகளை 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கியவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ‘வந்தே மாதரம்’ பாட்டின் பிற்பகுதி முஸ்லிம்களுக்கு உறுத்தலாக இருந்தது. 1937-இல் காங்கிரஸ் முதல் இரண்டு பத்திகளோடு நிறுத்திக்கொண்டதும் அதனால்தான். ஒருவருக்கு உயிரான கொடி இன்னொருவருக்குச் சங்கடமாக இருக்கலாம் என்பது அன்றைக்கும் உண்மை. ஆனாலும் அந்தக் கொடியின் கீழே ஓடிய கப்பலுக்கு ஒரு முஸ்லிம் வணிகரின் பணம் தாராளமாக வந்தது.

பிரான்சிலிருந்து வாங்கிய காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களும் 1907-இல் வந்து சேர்ந்தன. உடனே கட்டணப் போர். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. பிறகு அவர்கள் சும்மாவே ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு குடையையும் கொடுக்கப் பார்த்தார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத கூலியாளும் எட்டணாவை எண்ணி வைத்துவிட்டு எந்தக் கொடிக்குக் கீழே போய் உட்காருகிறான் என்பதே ஒரு பேச்சாகிவிட்டது. அரசைக் கலக்கியது இதுதான் என்று நினைக்கிறேன். மேடையில் பேசுகிறவரைப் பிடித்து உள்ளே போடலாம். டிக்கெட் வாங்குகிறவரை எந்தச் சட்டத்தில் பிடிப்பது?

அதே 1907 ஆகஸ்ட் 22-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில், சோஷலிஸ்டுகளின் சர்வதேச மாநாட்டில் மேடம் காமா ஒரு கொடியை விரித்துக் காட்டினார். அதிலும் இதே இரண்டு சொற்கள். அந்நிய மண்ணில் அவரால் அதைத் தைரியமாகப் பிடிக்க முடிந்தது. இங்கே முடியவில்லை. வங்காளத் தலைவர் விபின் சந்திர பால் சிறையிலிருந்து விடுதலையாகும் 1908 மார்ச் 9-ஐக் கொண்டாட, ஊர்வலம் போய்ச் சுயராஜ்யக் கொடி ஏற்றுவதென்று வ.உ.சி.யும் அவருடைய தோழர் சுப்பிரமணிய சிவாவும் முடிவு செய்தார்கள். அவர்கள் ஆதரித்த தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம் அப்போதுதான் நடந்து முடிந்திருந்தது. மார்ச் 12-இல் இருவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச்சூட்டில் நான்கு பேர் செத்தார்கள்.

ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே கொடுத்த தண்டனை கொடிக்காக அல்ல, பேச்சுக்காக. வ.உ.சி.க்கு இந்தியத் தண்டனைச் சட்டம் 124ஏ-யின்படி ராஜத்துரோகத்துக்கு 20 ஆண்டு, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20 ஆண்டு. சிவாவுக்கு 10 ஆண்டு. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, கோவையிலும் கண்ணூரிலும் கிடந்து, 1912 டிசம்பரில் வ.உ.சி. வெளியே வந்தபோது கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது. கப்பல்கள் போட்டிக்காரர்கள் கைக்கே போயிருந்தன.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசே கொடியை உயர்த்திப் பிடித்தது. குடிமகனுக்கு மட்டும் கட்டுப்பாடு நீடித்தது. சில குறிப்பிட்ட நாட்கள் தவிர, சாதாரண ஆள் தன் வீட்டில் தேசியக் கொடி ஏற்ற முடியாமல் இருந்தது. 2002-இன் கொடி விதிகள்தான் அதைத் தளர்த்தின. நவீன் ஜிண்டால் வழக்கில் 2004 ஜனவரி 23-இல் உச்ச நீதிமன்றம், கொடி ஏற்றுவது அரசியலமைப்பின் 19(1)(ஏ) பிரிவு தரும் கருத்துரிமைக்குள் அடங்கும் என்றது.

தேசியக் கொடிக்குக் கிடைத்த அந்த வாதம் எல்லாக் கொடிக்கும் போய்ச் சேர வேண்டும். எல்லோருக்கும் பிடித்த கொடிக்குப் பாதுகாப்பு எதற்கு? 2018-இல் ஸ்டெர்லைட் தாமிர ஆலையை எதிர்த்து இதே ஊரில் கறுப்புக் கொடிகள் ஏறின. மே மாதத் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அந்தச் செப்டம்பரில், தூத்துக்குடி விமான நிலையத்தில் மத்தியில் ஆண்ட கட்சியை எதிர்த்து முழக்கமிட்ட ஓர் ஆராய்ச்சி மாணவி கைதானார். அந்த வழக்கை உயர் நீதிமன்றம் பின்னால் ரத்து செய்தது. இடையில் போன ஆண்டுகளை யார் திருப்பித் தருவது?

2025 ஜனவரியில், பொது இடங்களிலுள்ள நிரந்தரக் கொடிக்கம்பங்களை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டதை இதோடு சேர்த்துக் குழப்பக்கூடாது. அது எந்தக் கொடி என்று பார்க்கவில்லை. யாருடைய நிலம் என்று பார்த்தது. சொந்த இடத்தில் நட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னது. எல்லாக் கட்சிக்கும் ஒரே அளவாக இருக்கும்வரை அதில் தவறில்லை. கொடியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆராய ஆரம்பித்தால்தான் நாம் மறுபடி 1908-க்குப் போகிறோம்.

ராஜத்துரோகத்துக்கு, வன்முறையைத் தூண்டுகிறதா என்பதே அளவுகோல் என்று கேதார்நாத் சிங் வழக்கில் 1962-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 124ஏ-யை 2022 மே மாதம் நிறுத்தியும் வைத்தது. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு இருக்கிறது. அதிலும் ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம். அதை எதிர்த்தும் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள்.