ஊசி ஊரில் பிறந்த வண்டி

திருப்பூரில் ஏதாவது பனியன் கம்பெனி வாசலில் பழைய புல்லட் நின்றால் "பிரிட்டிஷ் வண்டி" என்போம். பாதி உண்மைதான். அதன் கியர் பெட்டியைப் பிரித்து மேசையில் பரப்பினால் மீதிப் பாதியும் தெரிந்துவிடும்.

ராயல் என்ஃபீல்டின் ஊர் இங்கிலாந்தின் ரெட்டிச். ஊசிக்குப் பேர்போன ஊர். 1851-ல் ஜார்ஜ் டவுன்சென்ட் அங்கே தொடங்கியது தையல் ஊசிப் பட்டறை. அதிலிருந்து சைக்கிள், பிறகு 1901-ல் மோட்டார் சைக்கிள். ஊசி செய்த ஊரின் வண்டி, இன்று நிட்டிங் மெஷினில் ஒரு ஊசி ஒடிந்தாலும் துணியில் நெடுகக் கோடு விழும் ஊரில் ஓடுகிறது.

பழைய புல்லட்டின் நாலு கியர் பெட்டி ஆல்பியன் வகை. ஆல்பியன் பர்மிங்காம் கம்பெனி. பல பிரிட்டிஷ் வண்டிகளுக்குப் பெட்டி செய்து கொடுத்தது. எஞ்சின் வேறு, பெட்டி வேறு. பெட்டியை எஞ்சினின் பின்புறம் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். வலது காலால் மேலே ஒன்று, கீழே மூன்று. பக்கத்திலேயே ஒரு குட்டி லீவர்: இரண்டு, மூன்று, நாலு எதில் இருந்தாலும் அதை மிதித்தால் நேராக நியூட்ரல். அவினாசி ரோடு சிக்னலில் அதன் அருமை புரியும்.

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைக் கோத்தார்கள். பிறகு அச்சும் கருவியும் இங்கே வர, பாகங்களையே செய்தார்கள். 1967-ல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. 1970-ல் பிரிட்டனில் உற்பத்தியே நின்றது. திருவொற்றியூர் நிற்கவில்லை. 1977-ல் இங்கே செய்த புல்லட் பிரிட்டனுக்கே ஏற்றுமதியானது. பிறந்த ஊரில் செத்துப்போன பெட்டிக்கு நம்மூரில் இன்னும் பல ஆண்டுகள் பல் வெட்டினார்கள்.

அதனால்தான் இங்கே அதைச் சீரமைப்பது வேறு மாதிரி வேலை. உதிரிபாகம் கிடைக்கும் என்பது மட்டுமல்ல. கை பழகிய ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் முதலில் கேட்பது இதைத்தான்: "செகண்ட்ல இருந்து தேர்டு போடறப்ப நடுவுல தொங்குதுங்களா? பல்லு வாங்கறதுக்கு முன்னாடி மூடியத் தொறந்து பாருங்க." வெளி மூடிக்குள் கியர் மிதியின் தட்டு ஒன்று இருக்கும். பழைய இடத்தைக் கோடு கிழித்துக் குறித்துக்கொண்டு, போல்ட்டைத் தளர்த்தி, தட்டை மயிரிழை நகர்த்திப் பார்க்க வேண்டும். பாதி வண்டிகளில் நோய் அதுதான்.

அதிலும் தீராவிட்டால் உள்ளே போகணும். இந்தப் பெட்டியில் பற்கள் எப்போதும் கடித்தபடியே சுற்றும். எந்த கியர் என்று தீர்மானிப்பது, பக்கவாட்டில் நகர்ந்து கோத்துக்கொள்ளும் முட்டுகள். அவற்றின் மூலை மழுங்கினால் லோடு ஏறும்போது கியர் தானாகக் கழன்றுவிடும்; அங்கே அட்ஜஸ்ட்மென்ட் உதவாது, மாற்றியே ஆகணும். புஷ் தேய்ந்திருந்தால் மைக்ரோமீட்டரில் அளந்து லேத்தில் வெண்கலப் புஷ் கடைந்துகொள்ளலாம். நட்டுகளைத் திருகும்போது கவனம்: 1956-லேயே இந்தியா மெட்ரிக் அளவுக்குச் சட்டம் போட்டுவிட்டது, இந்த வண்டியோ பல இடங்களில் அங்குல மரையை விடவில்லை. மில்லிமீட்டர் ஸ்பானரை மாட்டி இழுத்தால் நட்டின் முகம் உருண்டுவிடும்.

"இவ்வளவு பாடு எதுக்கு? பெட்டியத் தூக்கிட்டு அஞ்சு கியர் போட்டுடலாமே" என்பார்கள். போடலாம். இடது கால் கியர், வழுவழுப்பு, எல்லாம் வசதிதான். தினமும் ஓட்டுகிறவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கழற்றிய பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போகும்போது, இங்கிலாந்தின் பழம்பொருள் ஒன்று போகிறது என்று மட்டும் நினைக்க வேண்டாம். அச்சு வந்ததும் கற்றுக்கொண்டு, கற்றுக்கொடுத்தவன் கடையை மூடியபிறகும் செய்துகொண்டேயிருந்த நம் தொழிலாளர்களின் வேலையும் அதில்தான் இருக்கிறது. அந்தத் தட்டை எவ்வளவு நகர்த்துவது என்பது மெக்கானிக்குகளின் விரலில் இருக்கிறது. அவர்கள் கடையில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து, அளவுகளை நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாலே போதும், பாதி வரலாறு தப்பித்துவிடும்.